அனுமதியும் திறனும்: ஓட்டுநர் உரிமத்தின் நூற்றாண்டு வரலாறு

பெங்களூருவின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஓட்டுநர் உரிமத்தைக் கன்னடத்தில் ‘சாலனா பரவானகி’ என்பார்கள். ‘பரவானகி’ பாரசீகத்திலிருந்து வந்த ஆட்சிச்சொல். அனுமதி என்பது அதன் பொருள். ஆங்கிலம் வழியே வந்த ‘லைசென்ஸ்’ என்னும் சொல்லின் வேரும் ‘அனுமதிக்கப்பட்டிருத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையே. ஆட்சித்தமிழ் ஆளும் ‘உரிமம்’, உரிமை என்னும் அடியிலிருந்து ஆக்கப்பட்டது. மூன்று சொற்களும் அரசு ஒருவருக்கு எதை அளிக்கிறது என்பதைச் சொல்கின்றன. பெறுபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒன்றும் சொல்லவில்லை.

இதைச் சொல்லாராய்ச்சியின் சுவைக்காக மட்டும் சுட்ட வேண்டியதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். விபத்தில் சிக்கிய வாகனங்களின் ஓட்டுநர்களில் பெரும்பான்மையோர் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்தவர்கள் என்பதை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஓட்டுவோரில் பெரும்பான்மையோர் உரிமம் பெற்றவர்கள் என்பதால், உரிமம் விபத்தைத் தடுப்பதில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆயினும் உரிமத்தின் இருப்பு திறனின் இருப்புக்குச் சான்றாகுமா என்னும் கேள்வி எழுகிறது. ஓட்டுநர் தேர்வைக் கடுமையாக்க வேண்டுமா என்னும் இன்றைய விவாதத்துக்கு விடை தேடுமுன், அனுமதியும் திறனும் எங்கே ஒன்று சேர்ந்தன, எங்கே பிரிந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு தொடக்கங்கள்

மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கான தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று, 1888-இல் கார்ல் பென்ஸுக்குப் பாடன் அரசின் அதிகாரிகள் எழுத்தில் வழங்கிய இசைவு. அது தேர்வு நடத்தி வழங்கப்பட்டதன்று. வண்டியைப் படைத்தவரே ஓட்டுகையில் அவரைத் தேர்வு செய்ய வேறொருவர் இல்லை.

அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பா இருவேறு வழிகளில் சென்றது. பிரான்சில், 1893-இல் பாரிஸ் காவல்துறை பிறப்பித்த ஆணையும், அதை நாடு முழுமைக்கும் விரித்த 1899-ஆம் ஆண்டு அரசாணையும் ஓட்டுநரிடம் கேட்ட ஆவணத்தின் பெயர் ‘திறன் சான்றிதழ்’. அதை வழங்குமுன் சுரங்கத்துறைப் பொறியாளரின் கருத்தைப் பெற வேண்டியிருந்தது. நீராவிக் கொதிகலன்களைச் சோதித்துப் பழகிய துறை அது. எந்திரத்தைப் போலவே அதை இயக்குபவரும் சோதனைக்குரியவர் என்பது அதன் இயல்பான எண்ணம். பிரான்சும் 1922-இல் அப்பெயரைக் கைவிட்டு ‘ஓட்டும் அனுமதி’ என்னும் பெயருக்கு மாறியது; ஆனால் தேர்வு நிலைத்துவிட்டது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 17 வயது நிறைந்தவர் ஐந்து ஷில்லிங் செலுத்தினால் உள்ளாட்சி மன்றம் உரிமம் தந்தது. தேர்வு ஏதும் இல்லை. தவறு செய்தவரை அடையாளம் காணவும் நீதிமன்றம் அவரது உரிமத்தில் குற்றத்தைக் குறித்துவைக்கவும் உதவிய ஆவணமாகவே அது இருந்தது. நாய் வளர்க்கவும் துப்பாக்கி வைத்திருக்கவும் பணம் கட்டி உரிமம் பெற்ற சமூகத்துக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

இந்நிலை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1934-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தனர். அவ்வாண்டு இயற்றப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. 1934 ஏப்ரல் 1-க்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் தேர்வு மையங்கள்கூட இல்லை; தேர்வாளர்கள் தொடர்வண்டி நிலையத்திலோ அஞ்சலகத்திலோ விண்ணப்பதாரரைச் சந்தித்து, அங்கிருந்து பொதுச்சாலையில் ஓட்டச் செய்தனர்.

இச்சீர்திருத்தத்தில் பலரும் கவனிக்காத கூறு ஒன்று உண்டு. உரிமம் வழங்கும் வேலை உள்ளாட்சி மன்றங்களிடமே இருந்தது. தேர்வு நடத்தும் வேலை போக்குவரத்து அமைச்சகம் நியமித்த தேர்வாளர்களிடம் சென்றது. அனுமதி கொடுப்பவர் ஒருவர், திறனை அளப்பவர் மற்றொருவர். இப்பிரிவினை இந்தியாவுக்கு வந்து சேரவில்லை.

இந்தியச் சட்டங்களின் வழி

இந்தியாவில் ஓட்டுபவருக்கான உரிமம் மோட்டாருக்கு முந்தியது. 1879-ஆம் ஆண்டின் வாடகை வண்டிச் சட்டம், வண்டிக்கும் வண்டியோட்டிக்கும் உரிமம் வழங்க விதி வகுக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு அளித்தது. ஜட்காவை ஓட்டியவர் நகர நிருவாகத்தின் கண்ணுக்குக் கட்டணத்தாலும் எண்ணாலும் கட்டுப்படுத்த வேண்டிய ஒரு தொழிலாளி. மோட்டார் வந்தபின் வங்காளம், பம்பாய், சென்னை முதலிய மாகாணங்கள் தனித்தனிச் சட்டங்களை இயற்றின. 1914-இல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம் அவற்றுக்குப் பொதுவான அடித்தளம் அமைத்தது. 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது, உரிமமின்றி ஓட்டக்கூடாது என்று அது விதித்தது. உரிமத்தை யார், எந்நிபந்தனையில் வழங்குவது என்பதை மாகாண அரசுகளின் விதிகளுக்கு விட்டுவிட்டது.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே திறன் தேர்வை மத்தியச் சட்டத்தின் உடலுக்குள் கொண்டுவந்தது. ஓட்டுவதற்குத் தடையாகும் நோய்களும் குறைபாடுகளும் அதன் ஓர் அட்டவணையில் இடம்பெற்றன; ஓட்டுந்திறனுக்கான தேர்வு மற்றோர் அட்டவணையில் வரையறுக்கப்பட்டது. 1939 ஜூலையில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்குள் உலகப்போர் தொடங்கியது. பிரிட்டன் தன் ஓட்டுநர் தேர்வை நிறுத்திவைத்து, 1946 நவம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

அக்காலப் பெங்களூரு ஒரே நகராக இருக்கவில்லை. பழைய நகரம் மைசூர் மன்னராட்சியின் கீழும், பாளையப்பகுதி பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நிருவாகத்தின் கீழும் இருந்தன. தமிழர் பெருமளவில் வாழ்ந்த அல்சூரும் அதைச் சூழ்ந்த தெருக்களும் பாளையத்தைச் சேர்ந்தவை. கப்பன் பூங்காவின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் செல்லும் வண்டி ஓர் ஆட்சியெல்லையிலிருந்து மற்றோர் ஆட்சியெல்லைக்குச் சென்றது. 1947-இல் பாளையம் மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது; 1949-இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. அரசியலமைப்பு எந்திர வாகனங்களைப் பொதுப்பட்டியலில் வைத்ததால், சட்டம் மத்தியினுடையது, அதைச் செயற்படுத்தும் அலுவலகம் மாநிலத்தினுடையது என்னும் ஏற்பாடு உறுதிப்பட்டது. இன்று கோரமங்கலா, ராஜாஜிநகர், இந்திராநகர், ஜெயநகர், யசுவந்தபுரம் என நகரெங்கும் பரவியுள்ள அலுவலகங்கள் அவ்வேற்பாட்டின் கிளைகள்.

ஏட்டில் உள்ள கடுமை

இன்று நடைமுறையிலிருப்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும். அவ்விதிகளுள் 15-ஆவது விதியைப் படிப்பவர், இந்தியத் தேர்வு எளிதானது என்று சொல்லத் துணியமாட்டார். பின்னோக்குக் கண்ணாடியைச் சரிசெய்தல், பற்சக்கரங்களை முறையாக மாற்றுதல், முந்துதல், திரும்புதல், பின்னோக்கி ஓட்டுதல், நெருக்கடியில் நிறுத்துதல், சைகைகளைக் காட்டுதல், சந்திப்புகளிலும் பாதசாரிகள் கடக்குமிடங்களிலும் சரியாக நடந்துகொள்ளுதல் எனப் பட்டியல் நீள்கிறது. இத்தனையும் உண்மையாகவே சோதிக்கப்பட்டால் உலகின் எந்த நாட்டுத் தேர்வுக்கும் அது இளைத்ததாகாது.

நடப்பதோ வேறு. தமிழ்நாட்டில் இருசக்கர வாகன உரிமம் பெறச் செல்வதையே ‘எட்டுப் போடப் போகிறார்’ என்று மக்கள் சொல்வதுண்டு. திடலில் வரைந்த ஓர் எண்ணின்மேல் காலூன்றாமல் சுற்றிவருவதே தேர்வு என்று ஆகிவிட்டது. சட்டத்தின் நீண்ட பட்டியல் ஓர் எண்ணாகச் சுருங்கியதைச் சட்டநூல் பதிவுசெய்யவில்லை, பேச்சுவழக்கு பதிவுசெய்திருக்கிறது.

சுருக்கத்தின் அளவை ஆய்வுமுறையில் காட்டியது டெல்லியில் நடந்த ஒரு கள ஆய்வு. மரியான் பெர்த்ரான், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட அவ்வாய்வில் உரிமம் பெற விழைந்த 822 பேர் பங்கேற்றனர். அவர்கள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்கு விரைவில் உரிமம் பெற்றால் ஊக்கத்தொகை. இரண்டாம் பிரிவினருக்கு இலவச ஓட்டுநர் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. உரிமம் கைக்கு வந்தபின் ஆய்வாளர்களே தனியாக ஒரு தேர்வு வைத்தனர்.

உரிமம் பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் அரசுத் தேர்வுக்குச் செல்லவேயில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் ஆய்வாளர்களின் தேர்வில் தேறவில்லை. பெரும்பாலோர் நாடியது இடைத்தரகரை. தரகரின்றித் தாமே சென்றவர்கள் அலுவலகத்தில் தோல்வியுறச் செய்யப்பட்டனர். அத்தோல்விக்கும் அவர்களது ஓட்டுந்திறனுக்கும் தொடர்பிருக்கவில்லை. ஆய்வின் மிகக் கூர்மையான முடிவு மற்றொன்று. வண்டி ஓட்டத் தெரியாதவருக்கும் தரகரால் உரிமம் வாங்கித்தர முடிந்தது. முகவரிச் சான்றோ வயதோ சரியில்லாதவருக்கு அவ்வளவு எளிதில் முடியவில்லை. ஏட்டில் தடம் விடும் நிபந்தனை வளையவில்லை. ஒருவரது கையிலும் கண்ணிலும் மட்டுமே இருந்து, தாளில் தடம் விடாத திறன் என்னும் நிபந்தனை வளைந்தது. அனுமதி பிழைத்தது, திறன் கைவிடப்பட்டது.

கடுமையை ஆதரிப்போர் இம்முடிவை முதலில் எதிர்கொள்ள வேண்டும். தேர்வாளரின் நேர்மை உறுதிப்படாத இடத்தில் தேர்வைக் கடினமாக்கினால், தேர்வு நேர்மையாகிவிடாது. தரகரின் விலைதான் ஏறும். தோல்வியுறச் செய்யும் அதிகாரம் பெருகப் பெருக, அதிலிருந்து தப்பிக்கக் கொடுக்கும் தொகையும் பெருகும்.

எதைச் சோதிப்பது?

கடுமை என்ற பெயரில் தவறான பொருளைச் சோதித்த வரலாறும் உண்டு. சரக்கு வாகனம், வாடகை ஊர்தி முதலியவற்றை ஓட்டுவோர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய விதிகளின் 8-ஆவது விதி கோரியது. பள்ளி செல்ல வாய்ப்பற்று, ஓட்டுந்திறன் ஒன்றையே முதலாகக் கொண்ட ஏழைகளின் பிழைப்பை இது தடுத்தது. அரியானாவின் மேவாத் பகுதி மக்களை முன்னிட்டு அம்மாநில அரசு வைத்த கோரிக்கையை அடுத்து, 2019-இல் மத்திய அரசு இந்நிபந்தனையை நீக்க முடிவுசெய்தது. சாலைக் குறிகளைப் படித்தறிவது வேறு, பள்ளிச் சான்றிதழ் வேறு. படங்களாலும் வடிவங்களாலும் நிறங்களாலும் ஆன குறியமைப்பு, எழுத்தறிவைச் சாராமல் பொருளுணர்த்துவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதை ஓட்டுநர் அறிந்திருக்கிறாரா என்பதை நேரடியாகச் சோதிக்கலாம்.

செவித்திறன் குறைந்தோரின் வழக்கும் இதே தன்மையது. செவிட்டுத்தன்மையை ஒரு தடையாகக் கருதும் பழக்கம் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே தொடர்ந்தது. விண்ணப்பதாரர் தேர்வில் தேறினால், செவிப்புலன் இல்லை என்பதற்காக மட்டும் உரிமம் மறுக்க முடியாது என்று 2011-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒருவர் யார் என்பதைக் கொண்டு கதவடைப்பதைவிட, அவரால் என்ன செய்ய முடியும் என்பதைச் சோதித்தறிவதே தேர்வின் பணி.

பெங்களூருவின் வாடகை ஊர்தித் தொழிலை நேரடியாகத் தொட்ட வழக்கு மூன்றாவது. இலகுரக வாகன உரிமம் உடையவர், 7,500 கிலோவுக்கு மிகாத எடையுள்ள வாடகை மற்றும் சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய ஓட்டுநருக்குத் தனியே ‘பேட்ஜ்’ கேட்க வேண்டாமென்று 2018-இல் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. காப்பீட்டு நிறுவனங்கள் இந்நிலைப்பாட்டை எதிர்த்தன. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு முந்தைய தீர்ப்பை உறுதிசெய்தது. அவ்வோட்டுநர்களால் விபத்து மிகுந்தது என்பதற்குக் களத்தரவு எதுவும் வைக்கப்படவில்லை என்பதையும், அவர்கள் வாழ்வாதாரம் இதைச் சார்ந்துள்ளது என்பதையும் அமர்வு கருத்திற்கொண்டது.

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வட கர்நாடக மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து பெங்களூருவில் வண்டியோட்டும் ஒருவருக்கு உரிமம் என்பது உழவருக்கு நிலம் போன்றது. தேர்வில் வீணாகும் ஒரு நாள் அவருக்குக் கூலியற்ற நாள். அவரது பின்னிருக்கையில் அமர்பவருக்கும், சாலையைக் கடக்கும் முதியவருக்கும், அவரது திறன் உயிர் பற்றிய செய்தி. இவ்விரு நலன்களுள் ஒன்றைக் காணாததுபோல் எழுதப்படும் கொள்கை நெடுநாள் நிற்காது.

எந்திரத்திடம் ஒப்படைத்தால்?

மனிதத் தேர்வாளரை நம்ப முடியாத இடத்தில் எந்திரத்தை அமர்த்துவது அண்மைக்கால விடை. பெங்களூருவின் மேற்கே ஞானபாரதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைச் சார்ந்த மல்லத்தஹள்ளித் தேர்வுத்தடம் அவ்வகையது. வளைவு, ஏற்றம், பின்னோக்கி நிறுத்துதல் ஆகியவற்றை உணரிகளும் படக்கருவிகளும் கண்காணிக்கின்றன. சக்கரம் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதில் பேரத்துக்கு இடமில்லை. திறன் முதன்முறையாகத் தடம் விடுகிறது. டெல்லி ஆய்வு காட்டிய ஓட்டைக்கு இது நேரான மருந்து.

ஆனால் அத்தடத்தில் எதிரே வரும் பேருந்து இல்லை. இடப்புறமிருந்து நுழையும் இருசக்கர வாகனம் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையின் நடுவில் தயங்கி நிற்கும் பெண் இல்லை. வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட நகரில் ஓட்டுநருக்கு வேண்டிய முதல் திறன் ஆபத்தை முன்னுணர்தல். பிரிட்டன் 1996-இல் தனியான எழுத்துத் தேர்வையும் 2002-இல் ஆபத்துணர்வுத் தேர்வையும் சேர்த்தது இக்குறையை நிரப்பவே. திடல்தேர்வு வண்டியை ஆளும் திறனை அளக்கும். சாலையைப் பகிரும் திறனை அளக்காது.

இதற்கிடையே விதிகள் மற்றொரு திசையிலும் நகர்ந்தன. 2021 மார்ச்சில், பழகுநர் உரிமம் உள்ளிட்ட 18 சேவைகளை அலுவலகம் செல்லாமலே ஆதார் வழியாகப் பெறலாம் என்று மத்திய அமைச்சகம் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் தேறியவருக்கு அலுவலகத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி என்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் பயிற்றுவித்துக் கட்டணம் பெறுபவரே தேர்ச்சியையும் அறிவிக்கும் இடத்தில், அளப்பவரும் அளிப்பவரும் மீண்டும் ஒருவராகிறார். 1935-இல் பிரிட்டன் பிரித்த இரண்டும் இங்கே வேறு வடிவில் ஒன்றுசேர்கின்றன.

கடுமையின் அரசியலை 2024-இல் கேரளம் கண்டது. நாளொன்றுக்கு ஓர் ஆய்வாளர் நடத்தும் தேர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, சாலைத் தேர்வில் கூடுதல் கண்டிப்பு, பழைய பயிற்சி வண்டிகளுக்குத் தடை என அரசு அறிவித்ததும் ஓட்டுநர் பள்ளிகள் மே மாதத்தில் தேர்வுகளைப் புறக்கணித்துப் போராடின. ஏறத்தாழ இரு வாரங்களில் அரசு பல கூறுகளைத் தளர்த்தி உடன்பாடு கண்டது. ஒரு நாளில் ஒருவர் எத்தனை பேரைச் சோதிக்க முடியும் என்னும் எளிய கணக்கே அங்கு மையமான பூசலாயிற்று. சில நிமிடங்களில் முடியும் தேர்வு எவ்வளவு கடினமானதென்று ஏட்டில் எழுதினாலும் அது தேர்வாகாது.

கடுமையின் எல்லை

தேர்வை நேராக்கிவிட்டால் சாலை பாதுகாப்பாகிவிடும் என்பதற்கும் வரலாறு முழுச்சான்று தரவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறப்புகளில் 71.2 விழுக்காடு மிகைவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. மிகைவேகத்தில் செல்பவருக்கு மெதுவாக ஓட்டத் தெரியாது என்பதில்லை. அவர் அவ்வாறு ஓட்டத் தேர்ந்துகொள்கிறார். தேர்வு நாளில் எவரும் வேகமாக ஓட்டிக்காட்டுவதில்லை. நார்வேயில் வழுக்குச் சாலைப் பயிற்சி கட்டாயமானபின் இளைஞரிடையே அவ்வகை விபத்துகள் குறையாமல் கூடின என்பது போக்குவரத்து ஆய்வுலகம் நன்கறிந்த பாடம். பயிற்சி தந்த மிகைநம்பிக்கையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

எனவே 1987-இல் நியூசிலாந்து தொடங்கிய படிநிலை உரிமமுறை கவனத்துக்குரியது. அங்கே உரிமம் ஒரே நாளில் முழுதாகக் கிடைப்பதில்லை. இரவில் தனியே ஓட்டுதல், உடன் பயணிகளை ஏற்றுதல் முதலிய உரிமைகள் குற்றமற்ற அனுபவம் சேரச் சேரத் திறக்கின்றன. பிரிட்டனிலும் 1997 முதல், உரிமம் பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் நீங்கிவிடும். மீண்டும் தேர்வெழுத வேண்டும். இந்தியாவிலோ 30 வயதுக்குட்பட்டவர் பெறும் சொந்த வாகன உரிமம் 40 வயது வரை செல்லும். 18-இல் எட்டுப் போட்டவரின் திறனை, அடுத்த 22 ஆண்டுகளில் விபத்தோ வழக்கோ வந்தாலன்றி எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, இதை விரிந்த பார்வையில் வைத்தது. அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 நவம்பரில் நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வழங்கியது. சாலையின் வடிவமைப்பு, விபத்துச் சிகிச்சை, சட்ட அமலாக்கம், உரிமம் ஆகிய அனைத்தும் ஒரே பொறுப்பின் உறுப்புகள் என்பது அவ்வழக்கின் அடிக்கருத்து. முறிந்த எலும்புகளை நாள்தோறும் இணைத்த கை தொடுத்த வழக்கு, ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்கவில்லை.

ஆகவே, தேர்வு கடுமையாக வேண்டுமா என்னும் கேள்விக்கு ஆம் என்றே விடை சொல்லலாம். ஆனால் அச்சொல்லின் பொருளை வரையறுத்த பின்னரே. சோதிப்பவர், பயிற்றுவிப்பவர், உரிமம் வழங்குபவர் ஆகிய மூவரும் தனித்தனியாக இருக்க வேண்டும். திடலில் தேறியவர் பொதுச்சாலையிலும் போதிய நேரம் சோதிக்கப்பட வேண்டும். முதல் சில ஆண்டுகள் உரிமம் தற்காலிகமானதாகவும், நடத்தையால் இழக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பள்ளிச் சான்று, மொழி, உடற்குறை ஆகியவற்றின் பெயரால் ஏழைகளைத் தடுக்காமல், திறன் ஒன்றையே அளக்க வேண்டும். இவற்றுள் பெரும்பகுதிக்குப் புதிய தேர்வுப் பட்டியல் தேவையில்லை. 15-ஆவது விதியை எழுதியபடி நடத்தினாலே பாதி வேலை முடியும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரெஞ்சு அரசாணை அந்த ஆவணத்தைத் திறன் சான்றிதழ் என்று அழைத்தது. தமிழிலும் கன்னடத்திலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. உரிமம் என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருளும் அதனுள் இருக்குமாறு அலுவலகங்கள் நடந்துகொண்டால் போதும்.